தவக்காலத்தில் ஏறிய சர்க்கரை

அவைக்கு அணியாக அமர்ந்து இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்குகிற எங்கள் பங்குத்தந்தை அவர்களே. மழலையர் பள்ளியின் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, மணி ஓய்ந்த பின்பும் ஓயாத அருட்சகோதரி அவர்களே. முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே. முதல் ஷிப்ட் முடித்து முகம் கழுவிய கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே. இரவு ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே என்னைப் பார்க்கும் அன்னையர்களே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வாழும் மூக்கண்டப்பள்ளிப் பெருமக்களே. இவர்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி, இந்த மாலையின் நாயகியாக மேடையின் வலது ஓரத்தில் மல்லிகைச் சரமும் புதுப் புடவையுமாக அமர்ந்திருக்கும் வின்சி அவர்களே. உங்கள் அனைவருக்கும் இந்த அற்புதமேரி இரு கரம் கூப்புகிறேன்.

பலகாரத்தில் பேர் வாங்கிய வின்சியை வாழ்த்திப் பேச என் பெயரை விழாக்குழுவினர் அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டுப் போட்டார்களா? இல்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? அதுவும் இல்லை. ஆனால் அச்சில் பெயர் வந்த பிறகு நான் மேடை ஏறாமல் இருந்தால் நீங்கள் என்ன பேசுவீர்கள்? ‘பாத்தியா, மேரிக்கு வயித்தெரிச்சல்’ என்பீர்கள். ஏறிப் பேசினாலும் அதையேதான் பேசப் போகிறீர்கள். எனவே அந்தச் சிரமத்தை உங்களுக்கு நான் கொடுக்க விரும்பவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான். வின்சியின் மேல் எனக்குப் பொறாமை. ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்கிறதா? கடைசி வரிசைக்கும் கேட்டதா? நல்லது.

ஏன் பொறாமை? கேளுங்கள். எலத்தகிரியில் பிறந்து, மூக்கண்டப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இந்தப் பங்கில் பண்டிகைப் பலகாரம் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? கிறிஸ்துமஸ் கல்கல்லுக்கு யார்? திருவிழா அதிரசத்துக்கு யார்? கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளின் கையில் நீங்கள் கொடுத்த லட்டு யார் பிடித்த லட்டு? என் லட்டு. என் வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாமல் இருந்த காலம் உண்டு. இப்போது என் வாசலைத் தாண்டித்தான் வின்சி வீட்டுக்குப் போகிறீர்கள். போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால்கூடப் பாதி எரிச்சல் அடங்கியிருக்கும்.

வின்சி யார்? எனக்குப் பத்து வயது இளையவள். மின்சாதனக் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே அடுப்பு மூட்டியவள். கேக் செய்தாள், வாங்கினீர்கள். அல்வா கிண்டினாள், வரிசையில் நின்றீர்கள். அவள் டப்பாவின் மேல் ஒட்டிய ஒரு வரிதான் உங்களை அடியோடு சாய்த்தது. ‘சர்க்கரை சேர்க்கவில்லை. பழத்தின் இனிப்பு மட்டுமே.’ என் லட்டுக்கு மேல் எதை ஒட்டுவது? ‘சர்க்கரை சேர்த்திருக்கிறேன், மன்னிக்கவும்’ என்றா?

அதோ சுமலதா கை காட்டுகிறார். சொல்லுங்கள் சுமலதா. “சென்னாகிதே அக்கா, வின்சி அல்வா ரொம்ப சென்னாகிதே.” நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவே இல்லையே. நன்றாக இருப்பதுதானே என் நோயே. நன்றாக இல்லாவிட்டால் எனக்கு ஏன் பொறாமை வரப் போகிறது?

ஊர் போனால் போகட்டும், உறவு போகலாமா? என் கணவர் சூசையை உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில், கூழைக் காய்ச்சி நீரை வற்ற வைக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்காக வீட்டில் நான் எல்லா இனிப்பையும் நிறுத்தினேன். எனக்குக் கை பழகிய தொழிலை என் வீட்டுக்குள் மட்டும் பூட்டி வைத்தேன். அந்த மனிதர் ஒரு நாள் வின்சியின் டப்பாவைத் திறந்து, அல்வா தீர்ந்த பிறகும் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். என் சமையலை இத்தனை வருடத்தில் அவர் அப்படி வழித்ததில்லை.

“என்னாங்க, இனிப்பு வேணாம்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?” என்றேன்.

“இது சர்க்கரையில்ல மேரி. பழத்த வத்த வெச்ச கான்சென்ட்ரேட்னு வின்சியே சொல்லுச்சு. எங்க பிளாண்ட்ல நான் தெனமும் கண்ணால பாக்குறேன். பழத்தத் தவுர ஒரு துளி எதுவும் உள்ள போறதில்ல” என்றார்.

பழம் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கிற மனிதரிடம் நான் என்ன வாதம் செய்வது? இந்தத் தவறை வேறு ஊர்க்காரர் செய்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். லாரி லாரியாக மாம்பழம் இறங்குவதைப் பார்த்துப் பழகிய இந்த மாவட்டத்துக்காரர்கள்தான் செய்வோம். பழம் போனது, ஆகவே வெளியே வந்ததும் பழம். அவ்வளவுதான் நம் கணக்கு.

பிறகு வந்தது தவக்காலம். ஃபாதர், நீங்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். சாம்பல் புதனன்று பீடத்தில் நின்று என்ன சொன்னீர்கள்? ஆளுக்கு ஒன்றைத் துறந்துவிடுங்கள், மனதுக்குப் பிடித்ததைத் துறந்துவிடுங்கள் என்றீர்கள். எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக் குடும்பங்கள் கூடிப் பேசி, ஒரே குரலில் ஒரே முடிவு எடுத்தோம். ஈஸ்டர் பாஸ்கா வரை சர்க்கரையைத் தொடுவதில்லை. என்ன தியாகம், என்ன துறவு. தேநீரில் சர்க்கரை இல்லை. பாலில் சர்க்கரை இல்லை. ஆனால் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் வின்சியின் டப்பா. சர்க்கரை சேர்க்காத அல்வா, சர்க்கரை சேர்க்காத கேக், குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்க்காத பழக்கட்டி. நோன்பும் நிற்கிறது, நாக்கும் இனிக்கிறது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாங்கிய சூசை, வாரம் போகப் போக வெறும் நாளிலும் வாங்கினார். காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு, ஜெபமாலை முடித்ததும் ஒரு துண்டு. துறவு இத்தனை ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நாம் எல்லாரும் எப்போதோ துறவிகள் ஆகியிருப்போம். நீங்கள் எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன் ஃபாதர். மேடை மரியாதை எனக்குத் தெரியும்.

பாஸ்கா முடிந்தது. சூசையின் காலில் ஒரு கொப்புளம். வேலைக்குப் போட்டுப் போகும் சேஃப்டி ஷூ கடித்த கொப்புளம். சாதாரணமாக ஆறிப் போக வேண்டியது, ஆறவில்லை. உடைந்தது, புண்ணானது, அகலமானது. மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் சுகுணா இரத்தத்தை எடுக்கச் சொன்னார். மூன்று மாதச் சராசரி என்று ஒரு கணக்கு உண்டல்லவா, ஏழரையில் இருந்தது ஒன்பதைத் தாண்டி நின்றது.

“மாத்திரை விட்டுட்டீங்களா?”

“ஒண்ணுகூட விடல டாக்டர்” என்றார் இவர்.

“ஸ்வீட் சாப்டீங்களா?”

“தவக்காலம் டாக்டர். சர்க்கரையே தொடல.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். பொய் சொல்லவில்லை, பாவம். டாக்டருக்கும் புரியவில்லை. நோன்பு இருந்த மனிதருக்குச் சர்க்கரை ஏறுவது எப்படி? எல்லாருக்கும் இறங்க வேண்டிய காலத்தில் இவருக்கு மட்டும் ஏறுவது எப்படி? மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இப்படியே போனால் விரல் தங்குவது கடினம் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அந்த வார்த்தையோடு வீடு திரும்பிய எனக்கு யார் நினைவு வந்திருக்கும்? வின்சி. திருடி விட்டாள், ஏமாற்றி விட்டாள், பழம் என்று சொல்லி வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டுகிறாள் என்று உள்ளம் துள்ளியது. ஆமாம், துள்ளியது. கணவர் காலில் புண், எனக்குள் ஒரு சந்தோஷம். பொறாமை எவ்வளவு கேவலமானது என்று பாருங்கள். இன்று இவளைக் கையும் களவுமாகப் பிடித்து, மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சொல்லி, என் வாசலுக்குச் செருப்புகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அல்வா பக்குவம் கேட்கிற சாக்கில் அவள் அடுக்களைக்குள் போனேன். அவள் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. “வாங்கக்கா, நீங்க வந்ததே எனக்குப் பெருமை” என்று முக்காலியைத் தட்டிப் போட்டாள். அவள் பால் எடுக்க முன்னறைக்குப் போன நேரத்தில் நான் டப்பாக்களைத் திறந்தேன். அரிசி, ரவை, முந்திரி. அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன், மூட்டைக்கு அடியில் பார்த்தேன். சர்க்கரை இருந்ததா? ஒரு சிட்டிகை இல்லை பெருமக்களே. அந்த வீட்டில் தேநீருக்குக்கூடச் சர்க்கரை இல்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் அடைந்த ஏமாற்றத்துக்கு அளவே இல்லை.

அடுப்பருகில் ஒரு பெரிய கேன் இருந்தது. பெங்களூரு மொத்தக் கடையில் வாங்கிய ஆப்பிள் கான்சென்ட்ரேட். ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் விட்டாள் வின்சி. தேன் போல ஒழுகியது. நக்கிப் பார்த்தேன். லட்டுப் பாகு காய்ச்சிக் காய்ச்சிப் பழுத்த நாக்கு இது. பாகுக்குப் பதம் பார்க்க எனக்குக் கண் வேண்டாம், நாக்கு போதும். அது பாகு. ஆப்பிள் வாசனை அடிக்கிற கெட்டிப் பாகு.

“ஒரு கிண்டலுக்கு எவ்ளோ ஊத்துவ வின்சி?”

“ஒரு கிலோக்கா. கேக்குக்கும் பழக்கட்டிக்கும் இதேதான். பழம்தானே, தாராளமா ஊத்தலாம்.”

அடுத்த வாரமே சூசையை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். எனக்கு வேண்டியது சூசையின் நலமா, வின்சியின் வீழ்ச்சியா என்று கேட்டால், அன்று இரண்டும்தான். அந்தக் கேனின் பெயரைச் சொன்னதும் டாக்டர் சுகுணா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அதுல ஒரு கிலோல முக்கா கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா சர்க்கரைதான் இருக்கு. பழத்துல இருந்து வந்தா ரத்தத்துக்குத் தெரியுமா? சர்க்கரை சர்க்கரைதான்.”

சூசை விடவில்லை. “டாக்டர், எங்க பிளாண்ட்ல வெளிய இருந்து ஒண்ணுமே போடறதில்ல.”

“போடறதில்ல, சரி. எடுக்கறது என்னென்ன, அதச் சொல்லுங்க.”

பெருமக்களே, அந்த ஒரு கேள்விக்கு என் கணவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். போட்டது என்ன என்று ஊரே கேட்டது. எடுத்தது என்ன என்று யாராவது கேட்டோமா? தோலை எடுத்தார்கள். சக்கையை எடுத்தார்கள். நாரை வடிகட்டினார்கள். நீரை வற்ற வைத்தார்கள். சூட்டில் சத்தும் கொஞ்சம் போனது. போகாமல் நின்றது எது? இனிப்பு. நார் இருந்தால் அந்த இனிப்பு மெல்ல மெல்ல இரத்தத்தில் இறங்கும், வயிறும் நிறையும், வாயும் போதும் என்று சொல்லும். உங்களில் எத்தனை பேர் ஒரே மூச்சில் எட்டு ஆப்பிள் கடித்துத் தின்பீர்கள்? பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். தூக்கு தம்பி, உன் வயது அப்படி. ஆனால் மூன்றாவது ஆப்பிளில் உன் தாடை வலிக்கும். எட்டு ஆப்பிளை ஒரு சின்ன டம்ளருக்குள் வற்ற வைத்துக் கொடுத்தால் தாடை வலிக்காது, வயிறு தடுக்காது, நேராக உள்ளே போய்விடும். அப்படிப் போகிற பழச் சர்க்கரையில் ஒரு பாதியைச் சுமக்க வேண்டியது ஈரல். நாளும் சுமந்தால் ஈரலில் கொழுப்பு படியும் என்றார் டாக்டர். பல்லில் ஒட்டினால் பல் சொத்தையாகும். உலகச் சுகாதார நிறுவனமே இதைப் பழத்தோடு சேர்க்காமல், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையோடுதான் சேர்த்திருக்கிறதாம்.

விஷமா என்றால் விஷம் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பொறாமைக்காரி கூட்டிச் சொன்னாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். மணத்துக்குத் துளி சேர்த்தால் குடி முழுகிவிடாது. ஆனால் அதைச் சர்க்கரை என்று எண்ணிச் சேருங்கள். பழம் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள். என் லட்டு ஒன்றைத் தின்றவர், தப்பு செய்துவிட்டோம் என்று அஞ்சி இரண்டாவதைத் தொட மாட்டார். வின்சியின் அல்வாவைத் தின்றவருக்கு அந்த அச்சமே வரவில்லை. அஞ்சாமல் தின்ற அந்தச் சர்க்கரைதான் சூசையின் காலை ஆறவிடாமல் செய்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் சற்று நேரத்தில் இந்த மேடையில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறார்கள். வருகிற ஜூன் முதல் நம் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு முற்பகல் சிற்றுணவாக, வாழைப்பழத்தையும் வேகவைத்த வேர்க்கடலையையும் நிறுத்திவிட்டு, வின்சியின் பழக்கட்டி. அந்த வேர்க்கடலையை வேகவைப்பவர் யார்? நான். உங்கள் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. ‘ஓ, இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு?’ இதுக்குந்தான். நான் மறைக்கவில்லை. என் கடலை போகிறதே என்று எனக்கு எரிகிறது. ஆனால் நான் எரிகிறேன் என்பதற்காக, நான் சொல்வது பொய்யாகிவிடுமா? வின்சியை நேசித்த அத்தனை பேரும் டப்பாவைத் திறந்தீர்கள், தின்றீர்கள், மூடினீர்கள். ஒருவராவது கேனைப் பார்த்தீர்களா? பார்த்தது யார்? அவளைப் பிடிக்காதவள் பார்த்தாள். நேசித்தவர்களின் நாக்கு இனித்தது, கண் மூடியது. பொறுக்காதவளின் கண் மட்டும் திறந்தே இருந்தது. என் நோக்கம் அழுக்கு, ஒப்புக்கொள்கிறேன். அழுக்கான கை காட்டினாலும் பள்ளம் பள்ளம்தானே? அதற்குள் மூன்று வயதுப் பிள்ளைகளையும் நான்கு வயதுப் பிள்ளைகளையும் நடக்க விடுவோமா? அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட், இடையில் நம்மை நம்பி விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் அவர்கள்.

என்ன வின்சி, எழுந்துவிட்டாய்? உட்காரம்மா. கோபமா? பேச வேண்டுமா? வா, ஒலிபெருக்கிக்கு அருகில் வா. எல்லாருக்கும் கேட்கட்டும்.

“அக்கா... எங்க பாப்பாக்கு ரெண்டு வயசுக்கா. பால் குடிக்க மாட்டேங்கறான்னு, தெனமும் தூங்கறப்ப பாட்டில்ல அதத்தான் தண்ணி கலந்து தர்றேன். பழம்தானேன்னு. முன்பல்லு நாலும் பழுப்பாய்ட்டு வருது. பால் பல்லு, விழுந்துரும்னு இருந்துட்டேன். அது இதனாலயாக்கா?”

பெருமக்களே, கொஞ்சம் அமைதி. இந்த இடத்தில் வின்சியைக் குத்தி, உங்களையெல்லாம் சிரிக்க வைக்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து, நானே ரசித்த வாக்கியம். அதை நான் சொல்லப் போவதில்லை.

ஆமாம் வின்சி, அதனால்தான் இருக்கும். இன்றைக்கே அந்தப் பாட்டிலை நிறுத்து. நாளைக்கே பல் டாக்டரிடம் போவோம். போவோம் என்றுதான் சொன்னேன். நீ ஊரை ஏமாற்றவில்லை. ஊருக்குக் கொடுத்ததைத்தான் உன் பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாய். இதற்குமேல் உன் நேர்மைக்குச் சாட்சி வேண்டாம். உன் நேர்மை என்னிடம் இருந்திருந்தால், உன் அடுக்களையில் நான் டப்பாக்களைத் திறந்திருக்க மாட்டேன். இதையும் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

உன் கைப்பக்குவம் இந்தப் பங்கில் யாருக்கும் வராது. என் வாயால் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சூசைக்குத் தெரியும்; அதோ, செருப்பு போட முடியாமல் ஒரு காலைத் துணியில் சுற்றிக்கொண்டு மூன்றாம் வரிசையில் அமர்ந்து என்னைப் பார்க்கிறார். அந்தக் கையால் முழுப் பழத்தை நறுக்கு. கடலையை வறு. கேழ்வரகைப் பிசை. இனிப்பு செய்தால் இனிப்பு என்று எழுதி விற்று, அளவோடு தின்னச் சொல். அதிலும் நீ என்னை முந்துவாய். முந்து. நான் எரிந்துகொண்டே வாங்கித் தின்கிறேன்.

தீர்மானத்தை வாசிக்கும் முன்பே நான் கேட்கிறேன், ஃபாதர் பொறுத்தருள்க. கைதட்ட வேண்டாம். கை தட்டுவதை நான் இருபது ஆண்டாகக் கேட்டுவிட்டேன். இந்தப் பழக்கட்டி நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். யோசிக்கிறீர்களா? அண்டை வீட்டார் தூக்குகிறார்களா என்று பார்க்கிறீர்களா? பாருங்கள். உங்களுக்கு முன்னால் நானே தூக்குகிறேன் என்று கையை எடுப்பதற்குள், எனக்கு வலப்பக்கத்தில் ஒரு கை எழுந்துவிட்டது.

வின்சி, உன் வியாபாரத்துக்கு எதிராக முதல் கை உன் கையா? இதையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா?

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைமைக்கும், இடையில் எழுந்து போகாத இரவு ஷிப்ட் தம்பிகளுக்கும், இப்போது எண்ண முடியாதபடி எழுந்து நிற்கும் உங்கள் கைகளுக்கும் நன்றி. என் பக்கத்தில் நிற்கும் இவளுக்கும், என்னால் முடிந்த அளவு, என் நன்றி. வணக்கம்.